சுவரில் விழும் வெளிச்சம் எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டிலேயே பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரத் தனிப்பயிற்சி நடத்திவருகிறேன். அவர்களுக்குப் பாடப் படங்களைக் காட்டவும், ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு சினிமா பார்க்கவும் ஒரே புரொஜெக்டராக வாங்கிவிடலாம் என்று 20,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இணையக் கடையில் 7,000 ரூபாய்க்கே "9,000 லூமென், 4கே" என்று ஒரு கருவி கிடைக்கிறது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய இன்னொன்றில் 300 லூமென்தான் என்று போட்டிருக்கிறது; விலையோ பல மடங்கு. எதை நம்பி வாங்குவது?
– வாசகி, தேனி

பதில்: அந்த 9,000-ஐயும் இந்த 300-ஐயும் அருகருகே வைத்துப் பார்க்காதீர்கள், இரண்டும் ஒரே அளவையால் அளந்த எண்கள் அல்ல. லூமென் என்பது கருவி வீசும் ஒளியின் அளவு. திரையில் முழு வெள்ளைப் படத்தை விழச்செய்து, அதை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒளியை அளந்து சராசரி கண்டு, அதைத் திரையின் பரப்பால் பெருக்கி வருவதே, அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சியின் பெயரால் வழங்கும் ஆன்சி லூமென். அதாவது, சுவருக்கு உண்மையில் வந்து சேர்ந்த வெளிச்சம் அது. "ஆன்சி" அல்லது "ஐ.எஸ்.ஓ." என்ற சொல் இல்லாமல் வெறுமனே "லூமென்" என்றும் "எல்.இ.டி. லூமென்" என்றும் அச்சிடப்படும் எண்களுக்கு இத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லை. நேர்மையான நிறுவனங்களின் கருவிகளில்கூட இந்த வேறுபாடு பெரியது: 2022-இல் வெளிவந்த சாம்சங்கின் ஃப்ரீஸ்டைல் புரொஜெக்டர் எல்.இ.டி. லூமென் கணக்கில் 550 என்றும், ஆன்சி கணக்கில் 230 என்றும் குறிப்பிடப்பட்டது. பெயர் தெரியாத மலிவுக் கருவிகளில் 9,000 என்ற எண் எதையும் அளந்து போட்டதாக இருக்காது. சுவரில் 100, 200 ஆன்சி லூமென் விழுந்தாலே அதிகம் என்று எண்ணிக்கொண்டு அவற்றைப் பாருங்கள்.

300 ஆன்சி லூமென் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், இருட்டறையில் சிறிதன்று. மூலைக்கு மூலை 80 அங்குலம் உள்ள படத்தின் பரப்பு ஏறக்குறைய 1.76 சதுர மீட்டர். வெள்ளைச் சுவரில் 300 லூமென் இந்தப் பரப்பில் பரவும்போது கண்ணுக்குக் கிடைக்கும் பிரகாசம் சதுர மீட்டருக்கு 54 கேண்டெலா. டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வகுக்கப்பட்ட தரமே 48 கேண்டெலாதான். அதே கருவியைப் பின்னுக்கு நகர்த்தி 100 அங்குலமாக்கினால் 35-ஆகக் குறைந்துவிடும். படத்தின் குறுக்களவை இரு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகி வெளிச்சம் நான்கில் ஒன்றாகிறது. "200 அங்குலம் வரை" என்று பெட்டியில் போட்டிருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால், அந்த அளவில் என்ன தெரியும் என்பது உங்களுக்கே விளங்கும்.

இதெல்லாம் விளக்கை அணைத்த அறைக்கு. உங்கள் மாணவர்கள் குறிப்பெடுக்க வேண்டும் என்பதால் வகுப்பில் விளக்கு எரிந்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை வீச முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் அது ஒளியை அனுப்பாமல் விடுகிறது, அவ்வளவுதான்; அந்த இடத்தில் நாம் பார்ப்பது சுவரின் மேல் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் அறை வெளிச்சத்தை. ஒரு 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் ஏறத்தாழ 2,000 லூமென் ஒளியை அறை முழுவதும் பரப்புகிறது. அதில் ஒரு பகுதி சுவரில் விழுந்தாலே, 300 லூமென் படத்தின் கறுப்பு சாம்பலாகி, உயிரணு வரைபடத்தின் மெல்லிய கோடுகளும் அவற்றின் பெயர்களும் மங்கிப்போகும். திறனைக் கூட்டாமல் இதைச் சமாளிக்க ஒரே வழி, படத்தை 50 அங்குலத்துக்குச் சுருக்கி, சுவருக்கு நேர் மேலே இருக்கும் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு மாணவர்களுக்குப் பின்னால் இருக்கும் விளக்கை எரியவிடுவதுதான்.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். வருபவர்கள் எட்டுப் பத்துப் பேர்தான் என்றால், வகுப்புக்கு ஒரு 43 அங்குலத் தொலைக்காட்சி இந்தச் சிறிய புரொஜெக்டரைவிட நன்றாகவே உதவும். உங்கள் தொகையை ஒட்டியே அது கிடைக்கவும் கூடும். இருபது, முப்பது பேர் என்றால் 3,000 ஆன்சி லூமெனுக்குக் குறையாத அலுவலகப் புரொஜெக்டர் வேண்டும். அது புதிதாக உங்கள் தொகைக்குள் வருவது கடினம். பழையதாக வாங்குவதானால் மெனுவுக்குள் சென்று விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அவ்வகைப் பாதரச விளக்குகள் சாதாரண நிலையில் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 மணி நேரம் வரையே உழைக்கும், மாற்று விளக்கின் விலையும் குறைவன்று. ஞாயிற்றுக்கிழமை சினிமாதான் முதன்மை, வகுப்பில் எப்போதாவது ஒரு காணொளி என்றால் மட்டுமே உள்ள பணத்தைக் கையடக்கப் புரொஜெக்டரில் போடுங்கள்.

"4கே" என்பதையும் கவனியுங்கள். 3840×2160 புள்ளிகள் கொண்ட 4கே காணொளியைக் கருவி வாங்கிக்கொள்ளும் என்பது ஒன்று, அதைச் சுவரில் அத்தனை புள்ளிகளோடு காட்டும் என்பது வேறு. விவரப் பட்டியலில் "நேட்டிவ்" என்ற சொல்லுக்கு எதிரே இருப்பதே உண்மையான அளவு. மலிவுக் கருவிகளில் அது 1280×720 ஆகவோ அதற்கும் கீழாகவோ இருப்பது வழக்கம். சினிமாவுக்கு 720 ஓரளவு போதும். பாட வரைபடத்துக்கும் எக்செல் தாளுக்கும் 1920×1080 தேவை, ஏனென்றால் நகராத சிறு எழுத்தில்தான் குறை கண்ணை உறுத்தும்.

கடையில் பார்த்து வாங்க முடிந்தால், அவர்கள் காட்டும் பளபளப்பான காணொளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து நிறைந்த பக்கம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுசென்று திரையிடச் சொல்லுங்கள். நடுவில் எழுத்து கூர்மையாக இருக்கும்போது நான்கு மூலைகளும் அதே கூர்மையோடு இருக்கின்றனவா என்று சுவருக்கு அருகில் போய்ப் பாருங்கள். பிறகு கருவியை அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடியும் பாருங்கள். பிளாஸ்டிக் லென்ஸ் உள்ள கருவிகளில் சூடேறியதும் குவியம் விலகுவதைக் கண்ணால் காணலாம். விசிறியின் இரைச்சலும் அதற்குள் தெரிந்துவிடும். இணையத்தில் வாங்கியிருந்தால், திருப்பியனுப்பும் காலம் முடிவதற்குள் மேலே சொன்ன ஒன்பது கட்டச் சோதனையை, லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு) அளக்கும் செயலி உள்ள கைப்பேசியை வைத்து இருட்டறையில் நீங்களே செய்யலாம். கைப்பேசியின் உணரி துல்லியமானதன்று. ஆயினும் 80 அங்குலப் படத்தில் சராசரி 60 லக்ஸ் வந்தால், 1.76-ஆல் பெருக்கச் சுமார் 105 லூமென் என்று கிடைக்கும். 9,000 என்ற வாக்குறுதியைத் தள்ளிவைக்க அந்தத் துல்லியம் போதும்.

கேள்வி: திரை வாங்கத்தான் வேண்டுமா, சுவரே போதுமா? எங்கள் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி, சுவர் இளம்பச்சை.
– வாசகர், மதுரை

பதில்: திரைக்குப் பணம் செலவிடும் முன், படம் விழும் இடத்துக்கு மட்டும் பளபளப்பில்லாத வெள்ளை டிஸ்டெம்பரை இரண்டு பூச்சு அடித்துப் பாருங்கள். இளம்பச்சைச் சுவரில் மனித முகங்கள் நோயாளியின் முகம்போல் தெரியும். பளபளப்பான பெயிண்டில் நடுவில் ஒளித்திட்டு விழும். வேட்டியைக் கட்டிப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மெல்லிய துணி ஒளியில் ஒரு பங்கைப் பின்னால் கடத்திவிடும் என்பதால், வெளிச்சம் குறைந்த சிறிய புரொஜெக்டருக்கு அது இழப்புதான்.

உங்கள் கூடத்தின் அளவை இன்னொரு காரணத்துக்காகவும் கருத வேண்டும். விவரப் பட்டியலில் "த்ரோ ரேஷியோ 1.2" என்று இருந்தால், படத்தின் அகலத்தைப் போல 1.2 மடங்கு தொலைவில் கருவி இருக்க வேண்டும் என்று பொருள். 80 அங்குலப் படத்தின் அகலம் 1.77 மீட்டர், ஆகவே சுவரிலிருந்து ஏறத்தாழ ஏழு அடியில் ஸ்டூலைப் போட்டு வைக்கலாம், உங்கள் கூடத்துக்கு இது சரியாக அமையும். வசதிக்காக ஓரமாக வைத்துவிட்டு, கோணலைக் கருவியே தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் திருத்தம் படத்தின் ஓரங்களை வெட்டி, உள்ளே சுருக்கி நேராக்குகிறது. புள்ளிகளும் வெளிச்சமும் அதில் வீணாகின்றன, எழுத்தின் விளிம்புகள் பிசிறடிக்கின்றன. கருவியைச் சுவருக்கு நேர் எதிரே, படத்தின் மட்டத்துக்கு ஏற்ற உயரத்தில் வைப்பதற்கு ஈடாக எந்தத் தானியங்கி வசதியும் இல்லை.

கேள்வி: விற்பனைப் பிரிவில் இருப்பதால் வாடிக்கையாளரின் அலுவலகங்களுக்குச் சிறிய புரொஜெக்டரோடு சென்று விளக்கக்காட்சி நடத்த வேண்டியிருக்கிறது. வீட்டில் அதே கருவியில் கைப்பேசியை இணைத்து ஓ.டி.டி. படம் போட்டால் ஒலி மட்டும் வருகிறது, திரை கறுப்பாக இருக்கிறது. கருவியில் பழுதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழுதன்று. கைப்பேசித் திரையை அப்படியே பிரதியெடுத்து அனுப்பும்போது, திருட்டுப் பதிவைத் தடுக்கும் பாதுகாப்பு குறுக்கிட்டுப் படத்தை மட்டும் மறைத்துவிடுகிறது. பல சிறிய புரொஜெக்டர்களில் ஆண்ட்ராய்டு இருந்தாலும், ஓ.டி.டி. நிறுவனங்களின் சான்று பெற்றதாக அது இருப்பதில்லை. அவற்றில் நெட்ஃப்ளிக்ஸ் திறக்காமலே போகலாம், அல்லது தரம் குறைந்த படமே வரலாம். ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற ஒன்றை எச்.டி.எம்.ஐ. துளையில் செருகிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். அதற்கான மின்சாரத்தைப் புரொஜெக்டரின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுக்காமல் அந்த ஸ்டிக்குடன் வந்த அடாப்டரிலிருந்தே எடுங்கள், அடிக்கடி அணைந்து எழாது.

அலுவலக வேலைக்கு வருவோம். வாடிக்கையாளரின் அறையில் திரைச்சீலை இருக்குமா, விளக்கை அணைக்க ஒப்புவார்களா என்பது உங்கள் கையில் இல்லை. எனவே 300 லூமென் கருவியை நம்பிப் போவதானால் நால்வர், ஐவர் அமரும் மேசைக்கு 40, 50 அங்குலப் படம் என்ற அளவில் நில்லுங்கள். ஸ்லைடுகளில் வெளிர் சாம்பல் எழுத்தையும் மெல்லிய கோட்டையும் தவிர்த்து, வெள்ளைமேல் கறுப்பாகத் தடித்த எழுத்தை வையுங்கள். கம்பியில்லா இணைப்பை இரண்டாவது வழியாக மட்டும் கருதி, எச்.டி.எம்.ஐ. கம்பியைப் பையிலேயே வைத்திருங்கள். யு.எஸ்.பி.-சி துளை இருப்பதாலேயே அதில் படம் போகும் என்று எண்ண வேண்டாம். பல கருவிகளில் அது மின்னேற்றுவதற்கு மட்டுமே, மடிக்கணினியின் துளையும் காட்சியை அனுப்பும் வகையாக இருக்க வேண்டும்.

தமிழில் ஸ்லைடு தயாரிப்பவர் என்றால் இன்னும் ஒன்று. பென் டிரைவில் கோப்பைப் போட்டுப் புரொஜெக்டரிலேயே திறக்கும்போது, அதில் தமிழ் எழுத்துருக்கள் இல்லையென்றால் எழுத்துகள் கட்டங்களாகவோ உடைந்தோ வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டதாக இருந்தால் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். கோப்பை எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். ஆக மாற்றிச் சேமித்துக்கொண்டு போனால் எந்தக் கருவியிலும் எழுத்து சிதையாது.

கேள்வி: மொட்டை மாடியில் படம் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. பேட்டரி உள்ள புரொஜெக்டர் ஒரு முழுப் படத்துக்குத் தாங்குமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஆங்கிலப் படத்துக்குத் தாங்கலாம், இடைவேளை விட்டு ஓடும் நம் படத்துக்குப் பெரும்பாலும் தாங்காது. 300 ஆன்சி லூமென் உள்ள ஆங்கர் நெபுலா கேப்சூல் 3 லேசரின் பேட்டரி இரண்டரை மணி நேரம் வரும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. இத்தகைய கணக்குகள் வெளிச்சத்தைக் குறைத்த சிக்கன நிலையில் சொல்லப்படுபவை என்பதையும், பேட்டரியில் ஓடும்போது பல கருவிகள் தாமாகவே மங்கிக்கொள்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடியில் மின் இணைப்பு இருந்தால் நீளமான எக்ஸ்டென்ஷன் வயரே சிறந்த பேட்டரி. ஃப்ரீஸ்டைல் போன்ற சில கருவிகளில் உள்பேட்டரியே கிடையாது. அவற்றுக்குத் தனியாக பவர் பேங்க் வேண்டும், அதுவும் கைப்பேசிக்கான சிறிய பவர் பேங்க் போதாது, எத்தனை வாட் தர வேண்டும் என்பதைக் கருவியின் கையேட்டில் பார்த்து வாங்க வேண்டும்.

சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். அந்திவெளிச்சத்தில் இந்தக் கருவிகளால் ஒன்றும் செய்ய முடியாது. தெருவிளக்கு நேராகப் படாத பக்கமாகச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். சிறு பிள்ளைகள் லென்ஸுக்குள் எட்டிப் பார்ப்பார்கள், குறிப்பாக லேசர் கருவி என்றால் அது கண்ணுக்குத் தீங்கு. கருவியை அவர்களுக்குப் பின்னால், அவர்கள் தலைக்கு மேலான உயரத்தில் வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் சிறிய ஸ்பீக்கர் திறந்தவெளியில் போதாது. ப்ளூடூத் ஸ்பீக்கரை இணைத்தால் உதட்டசைவுக்குப் பிந்தி ஒலி வர வாய்ப்புண்டு என்பதால், இரண்டிலும் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று பார்த்து கம்பியால் இணையுங்கள்.