ஜோக்ஜா போகிறவர்களுக்கு: பிரம்பனான், போரோபுதூர், பாத்திக் பற்றிக் கேள்வி பதில்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இருக்கும் யோக்யகர்த்தாவில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அந்த ஊர்க்காரர்கள் ஜோக்ஜா என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கோயில், சிற்பம், துணி, சாப்பாடு பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விமான டிக்கெட் விலையும் ஹோட்டல் தள்ளுபடியும் என்னிடம் கேட்க வேண்டாம்.

கே: சென்னையில் இருந்து எப்படிப் போவது? விசா?

நேரடி விமானம் கிடையாது. கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூரில் மாறிப் போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் விசா உண்டு, 30 நாள். முன்கூட்டியே இணையத்தில் எடுப்பதானால் இந்தோனேசியக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். புது விமான நிலையம் ஊருக்கு வெகு தூரத்தில், குலோன் ப்ரோகோ பக்கம் இருக்கிறது. அங்கிருந்து நகரத்துத் தூகு ஸ்டேஷனுக்கு ரயில் உண்டு, ஏறக்குறைய 40 நிமிடம். டாக்சிக்காரர் கூப்பிட்டாலும் ரயிலிலேயே போங்கள்.

கே: போரோபுதூர், பிரம்பனான் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

வண்டி வைத்தால் முடியும். ஆனால் செய்யாதீர்கள். போரோபுதூர் என்ற பௌத்த ஸ்தூபம் ஊருக்கு வடமேற்கே 40 கிலோமீட்டர், பிரம்பனான் என்ற சிவன் கோயில் வளாகம் கிழக்கே 17 கிலோமீட்டர். போரோபுதூரில் கதை சொல்லும் சிற்பப் பலகை மட்டும் 1,460 இருக்கிறது. காலையில் அங்கே நான்கு சுற்று நடந்துவிட்டு மதியம் பிரம்பனானுக்கு வந்தால் கண் எதையும் வாங்காது. பிரம்பனானில் ராமாயணத்தைப் பாதியில் விட்டு வெளியேறிய எத்தனையோ நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இதை எல்லோருக்கும் சொல்கிறேன். இரண்டு இடத்திலும் கிழக்குப் படியில் ஏறி, இடது பக்கம் திரும்பி, வலமாகச் சுற்றுங்கள். கதை அந்த வரிசையில்தான் செதுக்கப்பட்டிருக்கிறது. எதிர்ப்பக்கமாகப் போனால் கதையைக் கடைசிப் பக்கத்தில் இருந்து படிப்பது போலத்தான்.

கே: போரோபுதூர் மேலே ஏற விடுவதில்லை என்கிறார்களே?

விடுகிறார்கள், அளவாக. மைதானத்துக்கு ஒரு டிக்கெட், மேலே ஏறத் தனி டிக்கெட். நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அதனால் முன்பதிவு அவசியம். குழுவாக, வழிகாட்டியோடுதான் ஏற வேண்டும். உபானத் என்று ஒரு நார்ச்செருப்பு கொடுப்பார்கள், அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். நம் 'உபானகம்' என்ற சொல்லேதான் அது. பல்லாயிரம் பேரின் காலடியில் அந்த எரிமலைக் கல் தேய்ந்துகொண்டே வந்தது, படிகளில் அந்தக் குழிவைப் பார்க்கலாம். கட்டுப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள்.

உச்சியில் வட்ட மேடைகளில் 72 துளையிட்ட ஸ்தூபங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புத்தர். மொத்தம் 504 புத்தர் சிலைகளுக்கு இடம் வைத்துக் கட்டிய மலை அது. ஆனால் எனக்குப் பிடித்தது அடியில் இருப்பது. கர்மவிபங்கம் என்ற 160 பலகைகள், நல்வினை தீவினைக் கதைகள், அடித்தளத்துக்குப் பின்னால் மறைக்கப்பட்டுக் கிடக்கின்றன. தென்கிழக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் மேலே ஓடுவார்கள், நீங்கள் அந்த மூலைக்கும் போங்கள்.

கே: பிரம்பனான் சோழர்கள் கட்டியது என்று வீடியோ பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்லுங்கள் அண்ணா.

சோழர்கள் கட்டவில்லை தம்பி. சிவக்ருஹக் கல்வெட்டு என்று ஒன்று இருக்கிறது, பழைய ஜாவா மொழியில் எழுதியது, பொ.ஆ. 856. அதில் சொல்லும் சிவன் கோயில் வளாகம் பிரம்பனான்தான் என்பது அறிஞர்கள் ஏற்ற முடிவு. பிற்காலச் சோழர் ஆட்சியைத் தொடங்கிய விஜயாலயன் தஞ்சையைப் பிடித்ததே 850 வாக்கில். ராஜராஜன் அரியணை ஏறியது 985, தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010. பிரம்பனானின் 47 மீட்டர்ச் சிவன் கோயில் நிமிர்ந்து நின்று ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் நம் பெரிய கோயில் வந்தது.

கட்டியவர்கள் மத்திய ஜாவாவின் மாதராம் அரசர்கள், செதுக்கியவர்கள் ஜாவா சிற்பிகள். நம் கருங்கல் கோயிலின் கைவேலை வேறு, அவர்களது வேறு. சிவன் கோயிலின் அடிச்சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு சின்ன மாடத்தில் சிங்கம் உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் கற்பக மரம், மரத்தடியில் கின்னரர்களோ முயலோ மானோ கிளியோ ஜோடியாக நிற்கும். இந்த அமைப்பு சுவர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். இதற்குப் பெயரே பிரம்பனான் அமைப்பு. நம் ஊரில் இப்படி ஒரு சுவர் நான் பார்த்ததில்லை.

கே: ராஜேந்திர சோழன் கடல் கடந்து படையெடுத்தானே. ஜாவாவையும் வென்றான் என்றுதான் படித்தோம். நீங்கள் தமிழர் பெருமையைக் குறைக்கிறீர்கள்.

1025 படையெடுப்பின் ஊர்ப் பட்டியல் தஞ்சைக் கல்வெட்டிலேயே இருக்கிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடாரம் என்று போகும். சுமத்திரா, மலாய் தீபகற்பம், நிக்கோபார். ஜாவா என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஊர் ஒன்றுகூட அதில் இல்லை. அப்போது பிரம்பனான் பகுதியில் அரசவையும் இல்லை. 929 வாக்கிலேயே அரசு கிழக்கு ஜாவாவுக்கு நகர்ந்துவிட்டது.

பெருமை பற்றிக் கேட்டீர்கள். உண்மையான தொடர்பைச் சொல்கிறேன், அதுவே போதிய பெருமை. போரோபுதூரைக் கட்டிய காலத்தில் அங்கே ஆண்டது சைலேந்திர வம்சம். அந்தப் பெயர் நம் ஆனைமங்கலச் செப்பேட்டில் வருகிறது. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பிய ஸ்ரீவிஜய அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மனைச் சைலேந்திர குலத்தவன் என்கிறது அதன் வடமொழிப் பகுதி. அந்தப் பௌத்தப் பள்ளிக்குத்தான் சைவனான ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தான். கோயில் கட்டிக்கொடுக்க ஆள் போனதாக இதில் எங்கும் இல்லை. இரண்டு பக்கமும் சமமாக நின்று கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அடுத்தவர் வீட்டைப் பார்த்து 'இது நான் கட்டியது' என்று சொன்னால் அந்த வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்? பிரம்பனான் வாசலில் நம்மவர் ஒருவர் உள்ளூர் வழிகாட்டியிடம் இதை உரக்கச் சொல்ல, அந்தப் பெரியவர் முகம் வாடிப்போனதை நேரில் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் பதில் சொல்லத் தொடங்கினேன்.

கே: சரி, அங்கே அகத்தியர் சிலை இருக்கிறதே? அகத்தியர் தமிழ் முனிவர்தானே? எழுத்தும் தமிழ் எழுத்து என்கிறார்கள்.

நல்ல கேள்வி. சிவன் கோயிலில் தனித்தனி அறைகள் உண்டு. நடுவறையில் மூன்று மீட்டர்ச் சிவன், ஆவுடை மேல் நின்ற கோலம். வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார், தெற்கே தாடியும் தொந்தியும் கமண்டலமுமாக அகத்தியர். அவரைக் குருவாக, சிவனின் வடிவமாகவே வணங்கினார்கள். நம் கோயிலில் தென்சுவரில் தட்சிணாமூர்த்தி உட்காரும் திசையில் அங்கே அகத்தியர் நிற்கிறார். ஜாவாவில் அவர் வழிபாடு அதற்கும் பழையது. கிழக்கு ஜாவாவின் தினோயோ கல்வெட்டு, 760: முன்னோர் தேவதாருவில் செய்த அகத்தியர் சிலை பழுதாகிவிட, கஜயானன் என்ற அரசன் கருங்கல்லில் புதிதாகச் செய்து வைத்தான் என்கிறது. தெற்கே வந்த முனிவர் என்ற மரபை நாமும் அவர்களும் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். யாரிடமிருந்து யாருக்கு, எந்த வழியாக என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அது சொல்லாததை நானும் சொல்ல மாட்டேன்.

எழுத்து: 732இல் சஞ்சயன் என்ற அரசன் லிங்கம் நிறுவிய சங்கல் கல்வெட்டு பல்லவ எழுத்து வகையில் இருக்கிறது. மொழி சமஸ்கிருதம். அந்த எழுத்துத்தான் அங்கே மாறி மாறிக் 'காவி' என்ற பழைய ஜாவா எழுத்தாகி, இன்றைய ஜாவா எழுத்தானது. ஜோக்ஜாவின் கடைத்தெருவான மாலியோபோரோவின் தெருப் பலகைகளில் இன்றும் பார்க்கலாம். பல்லவர் நாட்டுக் கரையில் இருந்து போன எழுத்துக்கு அங்கே இன்னும் உயிர் இருக்கிறது. அந்தப் பலகை ஒவ்வொன்றையும் நின்று பார்த்திருக்கிறேன்.

கே: ராமாயணச் சிற்பம் கம்பராமாயணம் போல இருக்குமா?

கம்பர் அதற்குப் பின்னால் வந்தவர். வால்மீகியோடும் அப்படியே ஒட்டாது. ஒரு பலகையைச் சொல்கிறேன். காட்டில் ராமனுக்குத் தாகம். லட்சுமணன் அம்பறாத்தூணியையே பாத்திரமாக்கி மேலேயிருந்து ஒழுகும் நீரைப் பிடிக்கிறான். அது ஊற்று நீர் இல்லை, மரத்தின் மேல் உட்கார்ந்து அழுகிற சுக்ரீவனின் கண்ணீர். சுக்ரீவனைச் சந்திக்கும் காட்சியை இப்படித் தொடங்கியிருக்கிறார்கள். முதல்முறை இதைப் பார்த்தபோது அந்த இடத்தைவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் சேது கட்டும் காட்சியில் கீழே கடல் மீன்கள் வாயில் கல்லோடு நீந்தும், குனிந்து பாருங்கள். சிவன் கோயிலில் கதை அதோடு நிற்கும். மீதி பிரம்மா கோயிலில். விஷ்ணு கோயிலில் கிருஷ்ணன் கதை.

கிழக்குப் படி, இடது பக்கம், வலம்.

கே: ஒரே நாளில் இரண்டு கோயிலும்…

மேலே சொல்லியாயிற்று. இரண்டு நாள்.

கே: அங்கே பூஜை உண்டா? தேங்காய் உடைக்கலாமா?

தினப்பூஜை கிடையாது. ந்யெப்பி என்ற மௌனப் புத்தாண்டு நாளுக்கு முந்தின நாள் இந்தோனேசிய இந்துக்கள் கூடிச் சடங்கு நடத்துவார்கள். நீங்களாகத் தேங்காய் உடைப்பது, கற்பூரம் ஏற்றுவது, சிலைக்குக் குங்குமம் வைப்பது எதுவும் கூடாது. மனதில் கும்பிடுங்கள்.

கே: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். ஊரின் பெயர் சொல்லும் உணவு குடெக்: பலாக்காயைத் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் மணிக்கணக்கில் வேக வைப்பது. காய் சைவம்தான், ஆனால் தட்டில் கோழியும் முட்டையும் கிரெச்செக் என்ற மாட்டுத்தோல் குழம்பும் சேர்ந்து வரும். சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் பெரும்பாலும் தெராசி இருக்கும், அது இறால் விழுது. 'தன்பா தாகிங், தன்பா ஆயாம், தன்பா தெராசி' என்று சொல்லுங்கள். தன்பா என்றால் இல்லாமல், தாகிங் இறைச்சி, ஆயாம் கோழி. பெச்செல், லோத்தெக் இரண்டும் காய்கறிக்கு வேர்க்கடலைச் சாந்து போட்டுத் தருவது. சாந்தில் தெராசி போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புளிக்க வைத்த சோயாவில் செய்யும் தெம்பே எங்கும் கிடைக்கும்.

கே: பாத்திக் எங்கே வாங்குவது?

பாத்திக் என்பது மெழுகால் வடிவம் வைத்துச் சாயம் ஏற்றும் துணி. எங்கே வாங்கக் கூடாது என்று முதலில் சொல்கிறேன். மாலியோபோரோவில் நல்ல ஆங்கிலத்தில் ஒருவர் பேச்சுக் கொடுப்பார். மாணவர் கண்காட்சி நடக்கிறது, இன்றுதான் கடைசி நாள் என்பார். எனக்கும் முதல் வாரத்திலேயே சொன்னார்கள், போய்ப் பணம் கொடுத்து ஏமாந்தேன். அந்தக் 'கடைசி நாள்' ஏழு வருடமும் முடியவில்லை. போகாதீர்கள்.

பெரிங்ஹார்ஜோ சந்தைக்குப் போங்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். சந்திங் என்ற சின்னச் செம்புமூக்குப் பேனாவால் உருகிய மெழுகை ஊற்றிக் கையால் வரைந்தது துலிஸ். அதில் இரண்டு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், கோடுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. செம்பு அச்சால் மெழுகு வைத்தது சாப். ஒரு பக்கம் வெளிறியிருந்தால் பெரும்பாலும் வெறும் அச்சுத்துணி. பாராங் என்ற சாய்கோட்டு வடிவம் ஒரு காலத்தில் அரண்மனைக்காரர்கள் மட்டுமே உடுத்தலாம். இன்று யாரும் உடுத்தலாம், ஆனால் கெரத்தோன் என்ற சுல்தான் அரண்மனைக்குள் போகும்போது அதை உடுத்தாமல் இருப்பது மரியாதை.

கே: அந்த மாணவர் கண்காட்சி நிஜமாகவே நன்றாக இருந்தது என்று என் நண்பர்…

போகாதீர்கள்.

கே: மெராப்பி எரிமலையில் ஏறலாமா?

உச்சிக்குக் கூடாது. 2010 வெடிப்பில் 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையின் காவலராக அரண்மனை நியமித்த முதியவரும் வீட்டைவிட்டு இறங்காமல் அதில் போனார். அடிவாரத்தில், எரிந்த வீடு ஒன்றையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உருகிய சுவர்க்கடிகாரம் அந்த நள்ளிரவு நேரத்தில் நின்றபடி இருக்கிறது. ஜீப்பில் போகிறவர்கள் அந்த வீட்டில் சத்தம் போடாமல் நில்லுங்கள்.

கே: பராங்திரித்திஸ் கடற்கரையில் பச்சைச் சட்டை போடக் கூடாதாமே?

தென்கடல் ராணிக்குப் பச்சை பிடிக்கும், போட்டவரை அழைத்துக்கொள்வாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை மதியுங்கள். எந்த நிறம் போட்டாலும் அந்தக் கடலில் இறங்காதீர்கள், உள்ளிழுப்பு மோசம்.

கே: சோழர்கள்தான் கட்டினார்கள் என்று இன்னொரு…

856.

கே: அம்மாவுக்கு முழங்கால் வலி. செங்குத்துப் படி ஏற முடியாது. அவர் பார்க்க ஏதாவது கோயில் இருக்கிறதா தம்பி?

இருக்கிறது அக்கா. பிரம்பனான் வளாகத்தை அம்மா சமதரையில் சுற்றி வரலாம், சிவன் கோயிலைக் கீழிருந்தே பார்க்கட்டும். சுற்றிலும் இருந்த 224 சிறு கோயில்களில் பெரும்பாலானவை இன்னும் கற்குவியல்தான். மூலக்கல் போதிய அளவு கிடைத்தால்தான் திரும்பக் கட்டுவார்கள்.

அப்புறம் சண்டி ப்லாவோசானுக்குக் (சண்டி என்றால் அங்கே கோயில்) கூட்டிப் போங்கள், பிரம்பனானில் இருந்து கொஞ்ச தூரம்தான். வயல் நடுவில் இரட்டைப் பௌத்தக் கோயில், சுற்றி சின்னச் சின்னக் கோயில்களும் ஸ்தூபங்களும். அந்தச் சின்னவற்றின் கல்லில் கொடுத்தவர் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ராகை பிகாதான் பெயர் இருக்கிறது, மாதராம் அரசன். சைவ மன்னன், பௌத்த ஸ்தூபத்துக்குக் கொடை. எழுத்து விரலளவுதான் இருக்கும், சாய்வெயிலில்தான் தெளிவாகத் தெரியும். நாலு மணிக்குப் போங்கள். அம்மா உட்கார நிழல் இருக்கிறது.