ஓ செப்ரெய்ரோ: அம்மாவை ஒரே நாளில் ஏற்ற வேண்டாம்

வணக்கம். ஸ்பெயினில் சாந்தியாகோ யாத்திரைப் பாதையில் அம்மாவோடு நடக்கிறீர்கள்; அவருக்கு மூட்டுவலி; வில்லாஃப்ராங்காவிலிருந்து மலைமேல் உள்ள ஓ செப்ரெய்ரோ என்ற ஊருக்கு ஒரே நாளில் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். ஏறக்குறைய 28 கிலோமீட்டர். பெரிய ஏற்றமெல்லாம் கடைசி 8 கிலோமீட்டரில், உடம்பு சோர்ந்த பிறகு வருகிறது. அந்த ஏற்றத்துக்கு முன்னால் வரும் லாஸ் எர்ரேரியாஸ் என்ற ஊரிலேயே தங்கிவிடுங்கள். காலையில் நிதானமாக ஏறினால் மதியத்துக்குள் மேலே இருப்பீர்கள். அம்மாவால் முடியாவிட்டால் அங்கிருந்து குதிரையிலும் போகலாம்.

பையை வண்டியில் அனுப்புவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: மேலே உள்ள அரசு விடுதி அப்படி வரும் பைகளை வாங்காது, முன்பதிவும் கிடையாது. அதனால் தனியார் அறை ஒன்றை இப்போதே சொல்லி வையுங்கள். ஊர் மிகச் சின்னது, அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அப்புறம், போனதும் படுத்துவிடாதீர்கள். வைக்கோல் கூரை போட்ட வட்டமான கல் வீடுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கூரை ஏறக்குறையத் தோள் உயரத்துக்கு இறங்கியிருக்கும். வழி நெடுக நீங்கள் பின்தொடரும் மஞ்சள் அம்புக்குறிகளை 1984-இல் வரையத் தொடங்கிய எலியாஸ் வலினா இந்த ஊர்ப் பாதிரியார்தான். அவருடைய கல்லறை இங்குள்ள தேவாலயத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள். இரவில் ஊர்ப் பாலாடைக்கட்டியைத் தேன் ஊற்றிச் சாப்பிடுங்கள். 1,300 மீட்டர் உயரம், மே மாதத்திலும் குளிரும். அவருக்கு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள்.