வரையத் தெரியாதவர் கலைப் பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: ஓர் இளைஞர் மையத்தில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளோடு நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இனி நாடகம், ஓவியம் எல்லாம் வைத்து நடத்தவேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பாடவும் வராது, வரையவும் வராது. ஒரு நிறுவனம் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து ‘கலை சிகிச்சையாளர்’ என்று சான்றிதழ் தருகிறதாம். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கலை வழியாக மனநலச் சிகிச்சை கொடுப்பவர்தான் கலை சிகிச்சையாளர். இரண்டு நாளில் யாரையும் அப்படி ஆக்க முடியாது. பிரிட்டனில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முதுநிலை அளவில் படித்து, சட்டப்படியான பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும், சும்மா போட்டுக்கொண்டால் குற்றம். இப்படிச் சட்டம் இல்லாத இடங்களில்தான் சான்றிதழ் வியாபாரம் களைகட்டுகிறது. பயிற்சி கொடுப்பவர் ஒருவர், ஆள் பிடித்துக் கொடுப்பவர் ஒருவர், நடுவில் கமிஷன். நானே ஒருமுறை பணம் கட்டி ஏமாந்தவன். ஒரே கூடத்தில் அறுபது பேர், முதல் நாள் முழுக்க ஸ்லைடு, இரண்டாம் நாள் மதியமே குரூப் போட்டோ.

உங்கள் வேலை சிகிச்சை இல்லை. பிள்ளைகள் பேச்சில் சொல்லத் தயங்குவதைச் சொல்ல இன்னொரு வழி திறந்துவைப்பது, அவ்வளவுதான். அதற்கு நீங்கள் கலைஞராக இருக்கத் தேவையில்லை. இன்னும் சொல்லப்போனால், நன்றாக வரையத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் சொதப்புகிறார்கள், பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்கித் திருத்தாமல் அவர்களால் இருக்க முடியாது.

ஒரு சின்னப் பயிற்சி சொல்கிறேன். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவேண்டும். எதிரில் இருப்பவர் முகத்தை மட்டும் பார்த்து, காகிதத்தைக் குனிந்து பார்க்காமல், பென்சிலையும் தூக்காமல் ஒரு நிமிடம் வரையவேண்டும். நீங்களும்தான். முடிந்து பார்த்தால் காது தாடையில் தொங்கும், ஒரு கண் நெற்றிக்குப் போயிருக்கும், சிரிப்பு அடங்கவே சில நிமிடம் ஆகும். நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பையன்கூட எட்டிப் பார்ப்பான். அந்த நேரத்தில் வாய் தவறி “சூப்பர்” என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த படம் உங்களிடம் சூப்பர் வாங்குவதற்காக வரையப்படும். “இந்த இடத்துல மட்டும் ஏன் இவ்வளவு அழுத்தியிருக்கே?” என்று கேளுங்கள். பதில் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் சரி.

நல்ல பயிற்சி உங்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது இதைத்தான்: எப்போது கேட்பது, எப்போது சும்மா இருப்பது, கூட்டம் கலைந்தால் எப்படித் திரும்பச் சேர்ப்பது. இது குறிப்பேட்டில் எழுதி வராது, நீங்கள் நடத்த வேறொருவர் பார்த்துச் சொன்னால்தான் வரும்.

நாடகம் என்றதும் பயிற்றுநர்கள் முதலில் தூக்கிக்கொண்டு வருவது பிரேசில் நாடக இயக்குநரான அகஸ்டோ போவால் 1970களில் உருவாக்கிய மன்ற அரங்கை. அருமையான முறை. ஒரு பிரச்சினையை நடித்துக் காட்டி, மறுபடி நடிக்கும்போது பார்ப்பவர்களில் ஒருவர் “நிறுத்து” என்று மேடையேறி வேறு வழியை முயல்வது. ஆனால் அதை ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள் ஒரு விதியை விட்டுவிடுகிறார்கள். மேடையேறுபவர் ஒடுக்கப்படுபவரின் இடத்தில்தான் நிற்கவேண்டும், ஒடுக்குபவரின் இடத்தில் இல்லை. படிக்க விடாத அப்பாவின் பாத்திரத்தை வாங்கி “சரிம்மா, படி” என்று சொல்லிவிட்டால் கைதட்டல் விழும், நாடகம் முடிந்துவிடும். அந்தப் பெண் வீட்டுக்குப் போனால் அங்கே அதே அப்பாதான் இருப்பார்.

பிள்ளைகளின் சொந்தக் கதையை மேடையேற்றவேண்டாம், கற்பனைப் பெயர், கற்பனைக் குடும்பம் வைத்து நடத்துங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு பிள்ளை தானே வந்து “இது என் கதை, நான்தான் சொல்லணும்” என்று கேட்கும். உடனே மறுத்தால் அதுவும் வாயை மூடுவதுதான். அதனால் தனியாக உட்கார்ந்து பேசுங்கள், யார் யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள், வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். மேடையேறும் நிமிடம்வரை வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கவேண்டும், அப்படிச் சொன்னால் கேள்வியே கேட்காமல் வேறு காட்சி போட ஆள் தயாராக இருக்கவேண்டும். அப்புறம், அந்தக் கதையில் அடி, பாலியல் தொல்லை, சாக நினைத்தது என்று ஏதாவது வந்தால் அங்கேயே நாடகப் பேச்சை நிறுத்திவிட்டு, உங்கள் மையத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே சொல்லவேண்டும். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களால் காப்பாற்ற முடியாது.

இவ்வளவு கவனமாக நடத்தினாலும் நிதி தருபவர்கள் கேட்பது இரண்டே இரண்டு, வருகைப் பட்டியலும் ஆண்டுவிழா மேடையும். விழாவுக்கு ஒத்திகை பார்த்துப் பார்த்தே ஆறு மாதம் போகிறது. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகக் காட்டினார். அதில் அடியில் உள்ள மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்றார், அவற்றில் ஒன்றின் பெயரே ‘அலங்காரம்’. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் பிள்ளைகளுக்கு ஒரே நிறச் சட்டை மாட்டி மேடையில் நிறுத்திக்கொண்டிருக்கிறோம். உங்கள் மேலிடம் இதைத்தான் எதிர்பார்க்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வேறு பயிற்சி தேடும்போது சான்றிதழில் யார் கையெழுத்து என்று பார்க்காதீர்கள். போன் போட்டு, “நான் எத்தனை முறை நடத்துவேன், அதை யார் பார்த்துச் சொல்வார்கள், மையத்துக்குத் திரும்பிச் சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது?” என்று கேளுங்கள். “அதெல்லாம் மெட்டீரியல்ல இருக்கு சார்” என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.