வாசகர் கேள்வி – பதில்: பூர்வகுடி சட்ட சேவையில் திட்ட உதவிப் பணி

கேள்வி: மெல்பர்னில் பூர்வகுடி மக்களுக்கான சட்ட சேவை அமைப்பு ஒன்று திட்ட உதவி அலுவலர் பணிக்கு விளம்பரம் செய்திருக்கிறது. நான் சட்டம் படித்தவள் அல்ல. பல ஆண்டுகளாக அலுவலக நிர்வாகத்தில் இருக்கிறேன். வக்கீல்கள் வேலை செய்யும் இடத்தில் என்னைப் போன்றவர்களால் என்ன பயன்? – வாசகி, டாண்டெனாங்

பதில்: சட்டப் படிப்பு இல்லாதது இந்தப் பணிக்கு ஒரு குறையே அல்ல. பூர்வகுடி மக்களுக்கான முதல் சட்ட சேவை 1970-இல் சிட்னியின் ரெட்ஃபர்ன் பகுதியில் தொடங்கியது. அதற்கு வழிவகுத்தவற்றில் வக்கீல் அல்லாதவர்கள் எழுதிவைத்த குறிப்புகளும் உண்டு. அங்குள்ள மதுக்கடைகளில் புகுந்து போலீசார் பூர்வகுடி மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துச் சென்ற நாட்கள் அவை. பால் கோ, கேரி வில்லியம்ஸ், கேரி ஃபோலி முதலான இளைஞர்கள் அந்த இடங்களில் நின்று, யாரைப் பிடித்தார்கள், எந்த எண்ணுடைய போலீஸ்காரர் என்ன செய்தார் என்று குறித்து வந்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறைத் தலைவர் ஹால் வூட்டன் துணைநிற்க, வக்கீல்கள் ஊதியம் வாங்காமல் வழக்காட முன்வந்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க ஒருவர் இல்லாவிட்டால் வக்கீலிடம் வாதாட எதுவும் இருக்காது என்பது அன்றைக்கும் இன்றைக்கும் பொருந்தும்.

இன்றைய திட்ட உதவிப் பணிக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தொலைவான ஊர்களில் பிறப்பே பதிவாகாத பூர்வகுடி மக்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடைப்பது கடினம். பஸ் ஓடாத ஊரில் உரிமம் இல்லாமலே வண்டி எடுப்பவருக்கு அபராதம் விழுகிறது, அது கட்டப்படாமல் ஏறிக்கொண்டே போகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில், கட்டாத அபராதத்துக்காக 2014-இல் கைதான 22 வயதுப் பூர்வகுடிப் பெண் ஒருவர், போலீஸ் காவலில் இருந்தபோது நோய் முற்றி இறந்துபோனார். அவர் கட்ட வேண்டியிருந்த தொகை சுமார் 3,600 டாலர். அந்த மாநிலம் தன் அபராதச் சட்டத்தைத் திருத்த 2020 வரை ஆனது.

இந்தச் சங்கிலியை அதன் முதல் கண்ணியிலேயே அறுப்பதற்காக, ஊர் மண்டபத்தில் பிறப்புப் பதிவு முகாம் ஒன்று நடத்துவதாக வைத்துக்கொள்வோம். வக்கீல் வந்து உட்காருவதற்கு முன்பு மண்டபத்துக்கு ஊர் மூத்தோரின் இசைவு பெற வேண்டும். பதிவுத்துறை அலுவலரையும் நகல்களுக்குச் சான்றளிக்கும் சமாதான நீதவானையும் ஒரே நாளில் வரவழைக்க வேண்டும். வயதானவர்களை அழைத்து வர வண்டியும், எல்லோருக்கும் மதிய உணவும் வேண்டும். பிறந்த மருத்துவமனை எது என்று படிவம் கேட்கும், பாட்டியோ தாம் பிறந்த மாட்டுப்பண்ணையின் பெயரைச் சொல்வார். அதற்கேற்ற பழைய மிஷன் பதிவேடு எங்கே இருக்கிறது என்று தேடிக் கடிதம் எழுதுவதும் திட்ட உதவி அலுவலரின் வேலைதான். எல்லாம் கூடிவரும் வேளையில் ஊரில் ஒரு மரணம் நேர்ந்தால், துக்கச் சடங்குகள் முடியும்வரை முகாமைத் தள்ளிவைத்தே ஆகவேண்டும். தாமதத்துக்கான காரணத்தை நிதி தருபவருக்குத் தயங்காமல் எழுதத் தெரிந்தவரே இந்த நாற்காலிக்குப் பொருத்தமானவர். எத்தனை பேரைச் சந்தித்தீர்கள் என்று மட்டும் கேட்டு, அவர்களைச் சந்திக்க எவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்காத அறிக்கைப் படிவங்கள் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பூர்வகுடி ஒருவரைக் காவலில் வைத்தால் போலீசார் சட்ட சேவைக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டுமாமே. இது சட்டமா, வெறும் வழக்கமா? – வாசகர், பாரமட்டா

பதில்: உங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் அது சட்டம். காவலில் நிகழ்ந்த பூர்வகுடி மக்களின் மரணங்களை ஆராய 1987-இல் அமைந்த ராயல் கமிஷன் என்னும் அரசு விசாரணை ஆணையம், 99 மரணங்களை விசாரித்து, 1991-இல் 339 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றுள் 224-ஆவது பரிந்துரை, பூர்வகுடி ஒருவர் கைதானாலோ தடுத்துவைக்கப்பட்டாலோ பூர்வகுடி சட்ட சேவைக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது. நியூ சவுத் வேல்ஸ் இதை 2000-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விக்டோரியா 2019-இல்தான் சட்டத்தில் சேர்த்தது. சட்டம் எழுதுவதற்கு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதற்கு எந்தச் சமாதானமும் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

அந்த அழைப்பு இரவு பகல் பாராமல் வரும். மறுமுனையில் இருக்கும் வக்கீல், காவலில் இருப்பவரிடமே பேசி, மருந்து ஏதும் எடுத்துக்கொள்கிறாரா, உடம்பில் காயம் உண்டா, தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா, வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டறிந்த பிறகே சட்ட ஆலோசனைக்கு வருவார். நியூ சவுத் வேல்ஸில் இந்தச் சேவை தொடங்கியதிலிருந்து 2016 வரை போலீஸ் காவலறையில் பூர்வகுடி ஒருவரும் இறக்கவில்லை. அந்த ஆண்டு மெய்ட்லண்ட் காவல் நிலையத்தில் ஒரு பெண் இறந்தார். அவர் குற்றம் எதற்காகவும் கைதாகவில்லை, போதையில் இருந்தவர் என்று பாதுகாப்புக்காக வைக்கப்பட்டிருந்தார். அத்தகையவர்களுக்கு அன்றைய விதி பொருந்தாததால் சட்ட சேவைக்கு அழைப்பே போகவில்லை. மரண விசாரணைக்குப் பிறகு 2019-இல்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது.

இதில் அலுவலகப் பணியாளரின் பங்கு சிறியதல்ல. ஓர் இரவுகூட ஆளில்லாமல் போகாதபடி பணிமுறைப் பட்டியல் போடுவது, ஒருவர் நோயுற்றால் மாற்று ஆளை ஏற்பாடு செய்வது, காவலில் வைத்த நேரத்துக்கும் அழைப்பு வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பதிவுகளிலிருந்து எடுத்து அடுக்குவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. எந்தக் காவல் நிலையம் திரும்பத் திரும்பத் தாமதிக்கிறது என்பது அந்த அட்டவணையில்தான் தெரியவரும். ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் சுமார் 3.8 விழுக்காடாக இருக்கும் பூர்வகுடி மக்கள், வயதுவந்த சிறையாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக இருக்கும் நாட்டில் அந்த அட்டவணை கவனமாகத் தயாரிக்கப்பட வேண்டும்.

கேள்வி: டார்வினில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், வழக்கு எதுவானாலும் முதலில் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய் என்கிறார்கள். கட்சிக்காரர் ஓரளவு ஆங்கிலம் பேசும்போதும் இது தேவையா? – வாசகர், டார்வின்

பதில்: தேவைதான். அதிகாரத்தில் இருப்பவர் “புரிந்ததா?” என்று கேட்டால், புரியாவிட்டாலும் “ஆமாம்” என்று சொல்லிவிடுவது, அச்சத்தாலும் மரியாதையாலும் பல பூர்வகுடி மக்களிடம் காணப்படும் பழக்கம். அந்த ஒரு “ஆமாம்” நீதிமன்றத்தில் ஒப்புதலாகிவிடும். உங்கள் வட ஆட்புலத்தின் (Northern Territory) உச்ச நீதிமன்றம் 1976-இல் அனுங்கா வழக்கில், போலீசார் பூர்வகுடி ஒருவரை விசாரிக்கும்போது, ஆங்கிலம் சரளமாகப் பேசாதவராயின் மொழிபெயர்ப்பாளரும், அவர் நம்பும் ஒருவரும் உடனிருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. மௌனமாக இருக்கும் உரிமையைச் சொன்னால் மட்டும் போதாது, அவர் அதை எப்படி விளங்கிக்கொண்டார் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும் என்றும் அது கூறியது. ஓரளவு தெரிந்த ஆங்கிலம், சுத்தமாகத் தெரியாத ஆங்கிலத்தைவிட ஆபத்தானது. கேட்பவர் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

ஏற்பாடு செய்கையில் மொழியின் பெயர் மட்டும் போதாது என்பதை மறந்துவிடாதீர்கள். உறவுமுறை காரணமாக ஒருவரோடொருவர் நேரே பேசக் கூடாதவர்கள் உண்டு. ஆண்களிடம் பெண்கள் பேசாத விஷயங்களும் உண்டு. முதலில் கட்சிக்காரரிடமே கேட்டுவிட்டு, அதன் பிறகு முன்பதிவு செய்யுங்கள்.

கேள்வி: பூர்வகுடி அல்லாதவர்கள் இந்தப் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாமா? வேலை நிரந்தரமா? – வாசகர், பிரிஸ்பேன்

பதில்: சில பணிகள் பூர்வகுடி மக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. விளம்பரத்தில் அது தெளிவாக எழுதியிருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். மற்றவற்றுக்கு யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் சமூகமே நடத்தும் அமைப்பில் முடிவெடுப்பவர்கள் அந்த மக்கள்தான் என்பதை மனதார ஏற்பவராக நீங்கள் இருக்க வேண்டும்.

பெரும்பாலான திட்டப் பணிகள் நிதி இருக்கும்வரைதான். சட்ட உதவிக்கான நிதி குறித்துக் கூட்டரசும் மாநிலங்களும் செய்துள்ள ஐந்தாண்டு ஒப்பந்தம் 2025 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. அதற்குள் அடங்கும் பணிகள் சற்று நீடிக்கும், தனி மானியத்தில் ஓடும் சிறு திட்டங்கள் ஓராண்டில் முடிந்துவிடலாம். பொதுநல அறநிறுவனம் (Public Benevolent Institution) என்ற தகுதி பெற்ற அமைப்பாக இருந்தால், சம்பளத்தில் ஆண்டுக்கு 15,900 டாலர் வரை வரியில்லாமல் வீட்டுக்கடன், வாடகை போன்றவற்றுக்குச் செலுத்தும் வசதி கிடைக்கும், நேர்காணலில் கேளுங்கள். சிறுவர்களோடு தொடர்புள்ள திட்டங்களுக்குக் கேட்கப்படும் அனுமதிச் சான்று வருவதற்கு நாளாகலாம். ஆகவே விண்ணப்பம் எழுதும்போதே அதற்கும் பதிவுசெய்துவிடுங்கள்.