விரதம் இருந்தும் அம்மா போய்விட்டார்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நான் சமயபுரத்துக்கு அருகில் வாழும் 36 வயதுப் பெண். கடந்த மாசிக் கடைசியில் என் தாயாருக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. மாரியம்மனின் பச்சைப் பட்டினி விரதம் தொடங்கும் நேரம் என்பதால், நானும் 28 நாட்கள் சமைத்த உணவைத் தவிர்த்து, இளநீரும் பானகமும் துள்ளுமாவுமாக இருந்தேன். இடையில் மயக்கம் வந்தபோது ஒரு வாய் சோறு சாப்பிட்டேன். வைகாசியில் அம்மா இறந்தார். “உன் விரதத்தில் ஏதோ குறை இருந்திருக்கிறது” என்றார் மாமியார். முன்பு அம்மா வயிற்றுவலி என்றபோது, வாயு என்று நினைத்துக் கஷாயம் கொடுத்ததும் நான்தான். சாவு வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. அதன் பிறகு விளக்கும் ஏற்றவில்லை. எனக்கு இருந்தது அன்புதானா? வரும் மாசியில் மீண்டும் விரதமிருந்து குறையைத் தீர்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் துயரமும் குற்ற உணர்வும் பின்னிக் கிடக்கின்றன. கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் உறுப்பு. அதில் வரும் புற்று தொடக்கத்தில் அறிகுறி காட்டுவது அரிது, காட்டினாலும் அஜீரணம் போலவே தோன்றும் என்பதால், பெரும்பாலோருக்கு அது முற்றிய பிறகே தெரியவருகிறது. இன்று தெரிந்ததை வைத்து, கஷாயம் கொடுத்த அன்றைய மகளுக்கு நீங்கள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு வாய் சோற்றால்தான் அம்மா போனார் என்று மனம் ஏன் பிடித்துக்கொள்கிறது? காரணமே இல்லாமல் ஒருவரை இழப்பதைவிட, தன் தவறால் இழந்தோம் என்று எண்ணுவது சிலருக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. தவறு என்றால் தடுத்திருக்கவும் முடியும் என்ற எண்ணமாவது மிஞ்சுகிறது அல்லவா? இழப்பைக் கடவுளின் தண்டனையாகக் கொள்வோரிடம் மனவேதனை கூடுதலாக இருப்பதை அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த 28 நாள் விரதத்தின் நம்பிக்கையோ, மக்களுக்காக அம்மன் தானே பட்டினி கிடக்கிறாள் என்பது. பக்தையின் சோற்றுப் பருக்கையை எண்ணும் கணக்கை அதில் நுழைத்தது மனிதர்களே.

கோபம் என்ற சொல்லை நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஏற்றாத விளக்கில் எனக்குக் கோபமே தெரிகிறது. அது நம்பிக்கையின் முடிவாக இருக்க வேண்டியதில்லை. கண்களை இழந்த சுந்தரர், காஞ்சியில் ஒன்றைப் பெற்ற பின்னும், மற்றதற்காகத் திருவாரூரில் இறைவனை இடித்துரைத்துப் பாடியதைத் தேவாரமாகவே இன்றும் ஓதுகிறோம். அழுகையைப் பொறுத்தவரை, பல மாதம் நோயாளியின் அருகில் இருந்து களைத்தவர்கள் சாவன்று மரத்துப்போவது சாதாரணம். அதை அன்பின் அளவுகோலாக்க வேண்டாம்.

இழப்புக்கு ஆறு மாதங்களுக்குப் பிறகும் அன்றாட வேலைகளையே செய்யவிடாமல் கடும் துயரம் அழுத்தினால், அதை நீடித்த துயரக் கோளாறு என்று உலகச் சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. ஒரு கடிதத்தை வைத்து நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எனினும் உறக்கமும் உணவும் குறைந்திருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

பரிகாரமாக விரதம் இருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிறகொரு ஆண்டில் அச்சமில்லாமல் விருப்பம் வந்தால் அப்போது பார்க்கலாம். இதை மாமியாரிடம் நீங்கள் வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கடிதம் முழுவதிலும் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விரதம் பற்றிய உங்கள் முடிவை அவரே தம் தாயாரிடம் சொல்லட்டும், அதற்கு முன் இந்த இரண்டு கடிதங்களையும் அவரிடம் படிக்கக் கொடுங்கள்.