லினக்ஸ் போட்டால் ரேம் கூடிவிடுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2014-இல் வாங்கிய லேப்டாப். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்து ஒரு வேலையைத் தொடங்கவே பத்து நிமிடம் ஆகிவிடுகிறது. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் போதும், ரேம் 90 சதவீதத்தில் போய் நின்றுகொள்கிறது. தேவையில்லாததையெல்லாம் நிறுத்தினாலே சரியாகிவிடும் என்கிறார் கூட வேலை பார்க்கும் நண்பர். என் தம்பியோ விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போடு, பறக்கும் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் பாதி பாதி சரி. ஆனால் இருவருமே உங்கள் லேப்டாப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்காமலே மருந்து சொல்கிறார்கள். அதை நீங்களே பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எல்லோருக்கும் கண் நேராக மெமரி பத்திக்குத்தான் போகும். நீங்கள் அதற்கு அடுத்த டிஸ்க் பத்தியைப் பாருங்கள். லேப்டாப் திணறும் நேரத்தில் அது 100 சதவீதம் காட்டும். ஆனால் கீழே ஒவ்வொரு புரோகிராமும் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று கூட்டினால் நொடிக்கு இரண்டு மூன்று எம்பிகூடத் தேறாது.

இது எப்படி என்றால், ரேம் நிரம்பி வரும்போது விண்டோஸ் 10 முதலில் உள்ளே இருப்பதைச் சுருக்கி இடம் பண்ணப் பார்க்கும், அதுவும் பத்தாமல் போனால் இப்போதைக்கு வேண்டாததைக் கொண்டுபோய் டிஸ்கில் பேஜ் ஃபைலில் போடும், நீங்கள் பழைய டேபைக் கிளிக் செய்தவுடன் திரும்ப அள்ளிக்கொண்டு வரும். இதெல்லாம் 4 கேபி அளவுள்ள சின்னச் சின்னத் துண்டுகள். ஹார்டு டிஸ்கில் ஒரு துண்டை எடுக்க, சுழல்கிற தட்டின் மேல் அதன் முள் அந்த இடத்துக்கு நகர்ந்து போயாக வேண்டும். ஒரு தடவைக்கு 10 மில்லி நொடி என்று வைத்தால் நொடிக்கு நூறு தடவைதான் போய்வர முடியும். கேட்பதோ ஆயிரக்கணக்கில். லேப்டாப்பில் காதை வைத்தால் உள்ளே கறகறவென்று சத்தமே கேட்கும். ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக மாட்டும், சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் நகர முள்ளே கிடையாது, அதே துண்டு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கிலேயே வந்துவிடும். ஆகவே செலவு செய்வதாக இருந்தால் முதல் செலவு எஸ்எஸ்டிக்கு. அதனால் ரேம் ஒரு எம்பிகூட அதிகமாகாது, ஆனால் ரேம் பத்தவில்லை என்பது உங்களுக்கு இவ்வளவு வலிக்காது.

அப்புறம் அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் மெமரியைத் தொட்டால் கீழே எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று காலி என்றால் அதிர்ஷ்டம்தான், இன்னொரு 4 ஜிபி வாங்கிச் செருகுங்கள். உங்கள் வருடத்து லேப்டாப்புகள் பலவற்றில் டிடிஆர்3எல் என்ற 1.35 வோல்ட் வகைதான் இருக்கும். அதில் 1.5 வோல்ட் சாதா டிடிஆர்3-ஐச் செருகினால் லேப்டாப் ஆன் ஆகாமலே போகலாம், எனவே பழைய ஸ்டிக்கில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். சில மாடல்களில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், அங்கே ஒன்றும் செய்வதற்கில்லை.

சரி, நண்பர் சொன்ன களையெடுப்பு. காசு செலவில்லாதது, அதனால் இன்றைக்கே செய்துவிடலாம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில், ஆன் செய்ததும் தானாக ஓடத் தொடங்குபவற்றின் பட்டியலில் பிரின்டர் உதவியாளன், எதற்கென்றே தெரியாத அப்டேட்டர், நீங்கள் எப்போதோ நிறுவி மறந்த சாட் ஆப், இதையெல்லாம் நிறுத்துங்கள். லேப்டாப்போடு இலவசமாக வந்து காலாவதியான ஆன்டிவைரஸ் இருந்தால் முழுசாக நீக்குங்கள், விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. பிரவுசரை மூடிய பிறகும் அது பின்னணியில் ஓடலாம் என்று ஒரு அனுமதி அதன் செட்டிங்ஸில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அதற்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் வரும், ஒவ்வொரு டேபும் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் எவ்வளவு ரேம் தின்கிறது என்று வரி வரியாகத் தெரியும். ஒரு மெயில் டேப் மட்டும் 300 எம்பி பிடித்திருப்பதைப் பார்த்தால் விண்டோஸ் மேல் இருக்கும் கோபம் கொஞ்சம் குறையும்.

இன்னொன்று. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் அப் டைம் என்று ஓர் எண் இருக்கும். தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிறேன் என்பவர்களுக்கும் அது பன்னிரண்டு நாள், இருபது நாள் என்று காட்டும்! காரணம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி ஆனில் இருந்தால் ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் அடிப்பகுதி முழுசாக மூடப்படாமல் டிஸ்கில் அப்படியே சேமிக்கப்பட்டு, காலையில் திரும்ப எழுப்பப்படுகிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இப்போது தம்பியிடம் வருவோம். ஆன் செய்தவுடன், எதையும் திறக்காத நிலையில், விண்டோஸ் 10 உங்கள் 4 ஜிபியில் ஒன்றரை முதல் இரண்டு ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் பல வகை உண்டு; அவற்றில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்போ லுபுன்டுவோ ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆக உங்களுக்கு மிச்சமாவது ஒரு ஜிபி சுமார். அதற்குப் பிறகு நீங்கள் திறக்கப் போவது அதே பிரவுசர், அதே மெயில், அதே வீடியோ. அந்த டேபுக்கு 300 எம்பி வேண்டுமென்றால் லினக்ஸிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வேண்டும். நானே ஒரு பழைய லேப்டாப்பில் ஆசையாக மின்ட் போட்டு, வேகத்தைப் பார்த்த மயக்கத்தில் இருபது டேப் திறந்தேன். விண்டோஸாக இருந்திருந்தால் மெதுவாகவாவது நகர்ந்திருக்கும், இதில் மவுஸ் அம்புக்குறியே அசையாமல் நின்றுவிட்டது, கடைசியில் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துத்தான் அணைத்தேன். விண்டோஸின் பேஜ் ஃபைல் போல லினக்ஸ் டிஸ்கில் பயன்படுத்தும் ஸ்வாப் இடத்தைக் கஞ்சத்தனமாக ஒதுக்கியது என் தப்பு. பிறகு ஸீரேம் என்ற, ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் வசதியை ஆன் செய்ததும் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

அதற்காக லினக்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாற வேண்டிய காரணம் வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டமும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புராசசராவது வேண்டும். 2014 மாடல் அந்தப் பட்டியலிலேயே வராது. குறுக்குவழியில் நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். 4 ஜிபியில் அதை ஓட்டுவது உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளும் ஆப்பு என்பது என் அபிப்பிராயம். ஆகவே எஸ்எஸ்டி வாங்கும்போதே அதில் மின்ட்டை நிறுவிவிடுங்கள், பழைய ஹார்டு டிஸ்கை அப்படியே கழற்றிப் பத்திரமாக வையுங்கள். பிடிக்கவில்லையென்றால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

நிறுவுவதற்கு முன் ஒரு சாயங்காலம் பென் டிரைவில் இருந்தே மின்ட்டை ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, உங்கள் பிரின்டர் அச்சடிக்கிறதா, தமிழ்99-இல் தட்டச்சு செய்ய முடிகிறதா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். வேகத்தை மட்டும் அதை வைத்து எடை போடாதீர்கள், பென் டிரைவில் ஓடுவது மெதுவாகத்தான் இருக்கும். வேலைக்கு மைக்ரோசாஃப்ட் எக்ஸலோ ஃபோட்டோஷாப்போ கட்டாயம் என்றால் மட்டும் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விண்டோஸ் 11 ஓடுகிற இன்னொரு மெஷின் தேடுங்கள்.

கேள்வி: ரேம் கிளீனர் ஆப் ஒன்று போட்டிருக்கிறேன். பட்டனை அழுத்தினால் 85 சதவீதம் உடனே 50 ஆகிறது. ஆனால் வேகம் முன்பைவிட மோசமாக இருக்கிறதே?

பதில்: ஆகத்தான் செய்யும். அந்த ஆப் எதையும் சுத்தம் செய்வதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைப் பிடித்து ரேமிலிருந்து வெளியே தள்ளுகிறது. எண் குறைந்ததைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்படும் அதே நேரத்தில், தள்ளியதில் வேண்டியதையெல்லாம் விண்டோஸ் மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். நீக்கிவிடுங்கள்.

கேள்வி: 2 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் உள்ள லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. ஏதாவது தேறுமா?

பதில்: செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தைத் திறந்து சிஸ்டம் டைப் வரியை முழுசாகப் படியுங்கள். 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று எழுதி, பக்கத்திலேயே எக்ஸ்64 புராசசர் என்று இருந்தால் மெஷின் 64 பிட்தான், போட்டிருக்கும் விண்டோஸ் மட்டும்தான் 32. அப்படியானால் லுபுன்டு போட்டு, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டேபுக்கு மேல் திறக்காமல் சமாளிக்கலாம். புராசசரே 32 பிட் என்றால் வழி குறுகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸுக்கே 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலர் கிடையாது. ஆன்டிஎக்ஸ் என்ற சின்ன லினக்ஸின் 32 பிட் பதிப்பு உண்டு; அதை நிறுவிப் பாட்டுக் கேட்கலாம், எழுதலாம். பாங்க் வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள்.