பாட்டில் மூடியில் செய்தால் அது சிற்பமாகிவிடுமா?

கேள்வி: "பாட்டில் மூடி, எவர்சில்வர் பாத்திரம், மகரந்தம், உறைந்த ரத்தம் என்று எதையெதையோ வைத்து இப்போது சிற்பம் செய்கிறார்கள். இதில் உண்மையிலேயே கலை இருக்கிறதா, இல்லை ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கும் வித்தைதானா? உங்களைக் கவர்ந்தவற்றைச் சொல்ல முடியுமா?"

இரண்டும் இருக்கின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்க நான் மனதுக்குள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதே உருவத்தைக் கல்லிலோ வெண்கலத்திலோ செய்திருந்தால் என்ன போயிருக்கும்? ஒன்றும் போகாது என்றால் அந்தப் பொருளுக்கு அங்கே வேலை இல்லை. எல்லாமே போய்விடும் என்றால், அந்தச் சிற்பத்தை நின்று நிதானமாகப் பார்ப்பேன்.

டெல்லியில் சராய் காலே கான் பக்கத்தில் 2019-ல் ஒரு பூங்கா திறந்தார்கள். தாஜ்மகால், ஈபிள் கோபுரம், ரோம் கொலோசியம் என்று ஏழு உலக அதிசயங்களை சுமார் 150 டன் காயலாங்கடை இரும்பில் செய்து வைத்திருக்கிறார்கள். வெல்டிங் வேலை அபாரம். அதைச் செய்த கைகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பழைய இரும்பில் செய்த ஈபிள் கோபுரம் அந்த இரும்பைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை, கோபுரத்தைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. "அட, இது பழைய இரும்பா!" என்று ஒரு தரம் வியந்தால் விஷயம் முடிந்தது. நம் ஊர்களிலும் ரவுண்டானாக்களில் நட்டு போல்ட்டில் யானையும் சிங்கமும் வைக்கிறார்கள். என் கணக்கில் அவையும் இதே ரகம்.

என்னைக் கவர்ந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் எல் அனட்சூயி. 1944-ல் கானாவில் பிறந்தவர். 1975-ல் நைஜீரியாவின் என்சுக்கா பல்கலைக்கழகத்துக்குச் சிற்பம் கற்பிக்கப் போனார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே கற்பித்தார். ஆரம்பத்திலிருந்தே கையருகில் கிடைத்ததுதான் அவருடைய பொருள்: சந்தையில் பண்டம் வைக்கும் மரத்தட்டு, உடைந்த மண்பானை, மரவள்ளிக்கிழங்கு துருவிய பழைய துருவல் தகடு. 1990களின் கடைசியில் வழியில் ஒரு மூட்டை நிறைய மதுபாட்டில் மூடிகள் கிடைத்தன. எடுத்து வந்து பட்டறையில் போட்டு வைத்தவருக்கு, அவற்றைத் தட்டித் தகடாக்கிச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோக்கலாம் என்று பிறகுதான் தோன்றியிருக்கிறது. அங்கிருந்து அவர் சிற்பமே வேறு திசையில் போனது. 2015-ல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதைக் கொடுத்தது.

2023 அக்டோபரிலிருந்து 2024 ஏப்ரல் வரை லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் கூடத்தில் அவருடைய பெரிய படைப்பு ஒன்று தொங்கியது. முன்பு மின் நிலையமாக இருந்த கட்டடம் அது. கூடத்துக்குள் போய்ப் பார்க்கக் கட்டணம் கிடையாது. உள்ளே நுழைந்ததும் காற்றில் உப்பிய கப்பல் பாய் மாதிரி ஒரு பெரிய விரிப்பு. அதில் சிவப்பு மூடிகளாலேயே ஒரு நிலா. கூடத்தின் அந்தக் கோடியில் கறுப்பு மதில் ஒன்று மேலிருந்து இறங்கித் தரையில் அலை அலையாகப் புரண்டு கிடந்தது. நடுவில் மெல்லிய வலையால் செய்த மனித உருவங்கள் தனித்தனியாக அந்தரத்தில் தொங்கின. ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் அத்தனை உருவங்களும் சேர்ந்து ஒரு முழு வட்டமாக, பூமியாகத் தெரியும். நாலு அடி நகர்ந்தால் கலைந்துவிடும். அந்த இடத்தைத் தேடிக் கூட்டம் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தது.

தூரத்தில் துணி. கிட்டே போனால் தகரம். மூடியின் மேல் வட்டத்தைத் தட்டையாக்கியிருக்கிறார்கள், பக்கச் சுவரை வெட்டி விரித்துப் பட்டையாக்கியிருக்கிறார்கள், பாட்டில் கழுத்தில் இருக்கும் சின்ன வளையத்தை முறுக்கி வலைக்கண்ணாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஓட்டை போட்டு, கம்பியை நுழைத்து, முனையைத் திருகிவிட்டிருக்கிறார்கள். அவ்வளவும் கைவேலை. உதவியாளர்கள் பலர் சேர்ந்து துண்டு துண்டாகக் கோத்துக் கொடுப்பார்கள். அனட்சூயி அவற்றைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து முடிவு செய்வார். இத்தனை உலோகமும் நனைந்த வேட்டியைக் கொடியில் போட்டதுபோல மடிந்து தொங்குகிறது. அவருடைய அப்பா கெண்டே என்ற கானா நாட்டுப் பாரம்பரியத் துணி நெய்தவர் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த மடிப்புகள் இன்னும் நெருக்கமாகத் தெரியும்.

சரி, ஏன் மூடி? ஐரோப்பிய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த சரக்குகளில் மதுவும் ஒன்று. மதுவுக்கும் துணிக்கும் துப்பாக்கிக்கும் மாற்றாக மனிதர்களை அடிமைகளாக வாங்கி அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள் கரும்புத் தோட்டத்தில் உழைத்தார்கள். அந்தக் கரும்பின் பாகிலிருந்து ரம் காய்ச்சினார்கள். அந்த ரம் மறுபடியும் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கு வந்தது. டேட் அருங்காட்சியகத்தின் பெயரே சர்க்கரை ஆலை அதிபர் ஹென்றி டேட்டின் பெயர்தான். அந்தக் கூடத்தில் கப்பல் பாயை மதுமூடியால் செய்து தொங்கவிட்டால் அதற்குத் தனியாக விளக்கம் வேண்டாம். இதையே வெண்கலத்தில் வார்த்திருந்தால் ஒரு அழகான பாய் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் பத்திரிகைகள் இதைக் "குப்பையிலிருந்து கலை" என்று தலைப்புப் போட்டு முடித்துவிடும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர் குப்பையை அழகுபடுத்தவில்லை. அந்த மூடி ஏற்கெனவே என்னவாக இருந்ததோ அதை நம் கண்முன் விரித்துப் போடுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய பல விரிப்புகளை எப்படித் தொங்கவிட வேண்டும் என்று அவர் கட்டளை போடுவதில்லை. அருங்காட்சியகத்தில் இருப்பவர்கள் தங்கள் விருப்பப்படி மடித்துச் சுருக்கித் தொங்கவிடலாம். ஊருக்கு ஊர் அதே சிற்பம் வேறு வடிவத்தில் நிற்கும். கல்லில் நடக்கிற காரியமா இது?

அப்புறம் மகரந்தம். அதைச் செய்பவர் வுல்ஃப்காங் லைப், ஜெர்மன்காரர், 1950-ல் பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்துவிட்டு அந்தத் தொழிலுக்கே போகாமல் சிற்பத்துக்கு வந்துவிட்டார். தெற்கு ஜெர்மனியில் தன் ஊரைச் சுற்றியுள்ள புல்வெளியிலும் காட்டிலும் ஒவ்வொரு பருவத்திலும் தானே போய்க் கையால் மகரந்தம் சேகரித்து ஜாடிகளில் வைத்திருப்பார். கண்காட்சி என்றால் அதை மெல்லிய துணி வழியாகச் சலித்துத் தரையில் ஒரு மஞ்சள் சதுரமாக விரிப்பார். முடிந்ததும் திரும்ப அள்ளி ஜாடிக்குள் போட்டுவிடுவார். 2013-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் விரித்தது அவருடைய மகரந்தப் படைப்புகளிலேயே மிகப் பெரியது. அதற்கான மகரந்தத்தைச் சேர்க்கவே பல வருடங்கள் ஆகியிருந்தன.

மகரந்தத்தைவிட அவருடைய பால் கல் எனக்குப் பிடிக்கும். 1975-லிருந்து செய்துவருகிறார். வெள்ளைப் பளிங்குப் பலகை ஒன்றின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மட்டும் குழியாகத் தேய்த்து, விளிம்பு வரை பால் ஊற்றுவார். எது கல், எது பால் என்று தெரியாது. பால் கெட்டுப்போகும், அதனால் தினமும் துடைத்துக் கழுவி மறுநாள் புதுப் பால் ஊற்றியாக வேண்டும். முதல் தடவை ஊற்றுவது அவர்; அதன்பிறகு அது வைத்திருப்பவர்களின் பொறுப்பு. லைப் இளம் வயதிலிருந்தே தமிழ்நாட்டுக்கு வந்துபோகிறவர். மதுரை அருகே ஒரு கிராமத்தில் அவருக்குப் பட்டறையும் இருக்கிறது. தினமும் கல்லைக் கழுவிப் பால் ஊற்றுகிற ஊரிலிருந்து பார்க்கும் நமக்கு அவர் செய்வது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. பாலுக்குப் பதில் வெள்ளைப் பெயின்ட் ஊற்றினால் தினசரி வேலை மிச்சம், ஆனால் சிற்பம் போய்விடும்.

ரத்தம் என்று கேட்டிருந்தீர்கள். அது மார்க் குவின் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1991-ல் தன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்து, சுமார் நாலரை லிட்டரைத் தன் தலை வடிவ அச்சில் ஊற்றி உறைய வைத்தது. குளிர்பதனப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் முகம் உருகிவிடும். ஒன்றைச் சார்ந்தே உயிர் வாழ்வது என்பதுதான் அதன் பொருள் என்பதால் ரத்தத்துக்கு அங்கே நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. அதிர்ச்சி முந்திக்கொள்கிறது. பீகாரில் பிறந்த சுபோத் குப்தா 2006-ல் எவர்சில்வர் பாத்திரங்களால் செய்த பிரம்மாண்ட மண்டை ஓடு அப்படி இல்லை. கல்யாணச் சீராகக் குடமும் தூக்குச்சட்டியும் அடுக்கிப் பார்த்த நமக்கு, அத்தனை பளபளப்பும் காலிப் பாத்திரம் என்பது சட்டென்று உறைக்கும்.

இந்தியாவிலேயே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் சண்டிகரில் இருக்கும் ராக் கார்டன் என்ற சிற்பத் தோட்டத்தைத்தான் சொல்வேன். அதைச் செய்த நேக் சந்த், பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர், சண்டிகர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே திட்டமிட்ட புது நகரத்துக்காகப் பல கிராமங்களை இடித்தார்கள். அந்த இடிபாட்டிலிருந்து உடைந்த பீங்கான், வளையல் துண்டு, சைக்கிள் பாகங்கள் எல்லாவற்றையும் நேக் சந்த் வேலை முடிந்தபின் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் ஒரு பள்ளத்துக்குப் போவார். 1950களின் கடைசியில் தொடங்கி, பல வருடங்கள் யாருக்கும் தெரியாமல் அரசு நிலத்தில் ஒரு ராஜ்ஜியத்தையே கட்டியிருக்கிறார். 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி அது ஆக்கிரமிப்பு, இடித்திருக்கலாம். இடிக்காமல் 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளமும் வேலையாட்களும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் காலமானார்.

வீடிழந்து வந்த ஒருவர், இடிபட்ட வீடுகளின் சில்லுகளை வைத்து, நேர்கோட்டு கான்கிரீட் நகரத்தின் ஓரத்திலேயே வளைந்து வளைந்து போகும் ஒரு ஊரைக் கட்டியிருக்கிறார். பளிங்கில் செய்திருந்தால் இந்தக் கதை இருந்திருக்காது.

டெல்லியிலிருந்து சதாப்தியில் மூன்றரை மணி நேரம் போல ஆகும். போனால், எல்லோரும் படம் எடுக்கும் வளையல் பொம்மைகளின் வரிசையோடு திரும்பிவிடாதீர்கள். சுவர்களையும் கிட்டே போய்ப் பாருங்கள். வீடுகளில் முன்பு இருந்த வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளையும் சாக்கெட்டுகளையும் வரிசை வரிசையாகப் பதித்திருக்கிறார்.